ஏகாம்பரத்துக்கு நான் கொடுத்த மருந்து

ஒரு நோயாளிக்கு வந்த மருந்தைத் திருடி நான் தின்றேன். அவர் கையில் பெட்டிக்கடைச் சூயிங்கத்தைக் கொடுத்து, இதுதான் மருந்து என்றேன். அவர் பெயர் ஏகாம்பரம். இன்று அவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

சொல்லிவிட்டேன்... சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். பொய்! எனக்கு ஒரு குண்டுமணி அளவும் லேசாகவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எங்கள் சபையில் கூண்டுக்குள் மண்டியிட்டுத் தனியாகப் பாவத்தைச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்று, 'பாவிகளாயிருக்கிறோம்' என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அத்தனை பேர் குரலுக்கு நடுவே என் பாவம் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும். பிறகு பிரியாணி.

என் பெயர் டேவிட். வீடு செவிலிமேட்டில். வேலை, காஞ்சிபுரம் ஊருக்குள்ளே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல. ஆலோசகர். அதுவும் ஒப்பந்தத்தில். சுருக்கமாகச் சொன்னால், பேசுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, சோற்றைக் குறையுங்கள், நடங்கள், மாத்திரையை விடாதீர்கள், பீடி சிகரெட்டை விடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் காலைத் தூக்கி வைக்கச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அட்டையில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பேச்சு எனக்குக் கைவந்த கலை. கல்யாணத்தில் மைக் பிடிப்பேன். சாவு வீட்டிலேயே பந்தல் ஓரத்தில் நான்கு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு அடி வாங்கத் தெரிந்தவன். செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் சர்க்கரை நாள். அன்றைக்கு என் மேசைக்கு முன்னால் வரிசை நீளும். மாத்திரை கொடுக்கும் இடத்தைவிட இங்கேதான் கூட்டம் என்று மருந்தாளுநருக்கு என்மேல் பொறாமை!

"உங்க ரத்தக் குழாய் இருக்குதே, அது நம்ம தெருக் குழாய் மாதிரி. கால் கட்டைவிரல்தான் தெருவுல கடைசி வீடு. சக்கரையும் குழாய அடைக்குது, புகையும் அடைக்குது. ரெண்டு பேரும் கூட்டு சேந்துக்கினா கடைசி வீட்டுக்குத் தண்ணி எங்கருந்துபா வரும்? கொடத்த எடுத்துக்கினு கவுன்சிலர் வீட்டுக்குப் போவியா?" என்பேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே சிலர் பீடியைக் குறைத்தும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் பேசிவிட்டு, மாலையில் பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே இறங்கி சிகரெட் பிடிப்பேன்.

ஆமாம்... நானும்தான். தண்ணீர் இல்லாத ஆறு, பார்க்க ஆளில்லாத கரை. ஒரு நாளைக்குப் பத்து. அப்புறம் கிராம்பு, அப்புறம் புதினா மிட்டாய், அப்புறம் சட்டை மேல் பவுடர். தாலி கட்டும் மாப்பிள்ளை மாதிரி மணந்துகொண்டு வீட்டுக்குப் போவேன். யாருக்கும் தெரியாது என்று நம்பினேன் பாருங்கள், என்னைவிடப் பெரிய கோமாளி இந்த ஜில்லாவில் உண்டா?

ஒருநாள் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "டேவிட், உங்களுக்கு முன்னாடியே உங்க சட்டை நாத்தம் ரூமுக்குள்ள வந்துடுது. மூணு மாசத்துல ஒப்பந்தம் புதுப்பிக்கணும். புகைய விடச் சொல்ற ஆள் இந்த வாசனையோட உக்காந்திருக்கார்னு நான் எழுதணுமா? அதுக்குள்ள விட்டுடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

விட்டுவிடலாம்தான். எப்படி விடுவது என்று ஊருக்கே வகுப்பு எடுப்பவன் அல்லவா! முதல் நாள் மதியம் பன்னிரண்டு மணிவரை தாக்குப்பிடித்தேன்.

அந்த வாரம்தான் அந்தப் பெட்டி வந்தது.

புகையை விடுவதற்கான நிகோடின் சூயிங்கம். சர்க்கரையும் இருந்து புகையும் இருப்பவர்களுக்குத்தான் முதல் ஆபத்து என்று, டாக்டரம்மா எங்கெங்கோ எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு வரும். இரண்டு பேரையும் அவரே தேர்ந்தெடுத்தார். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இன்னொருவர் பிள்ளையார்பாளையத்தில், தரைக் குழிக்குள் காலை விட்டு உட்காரும் குழித்தறியில் பட்டு நெய்யும் ஏகாம்பரம். பெட்டியை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே கொடுத்தார்.

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. பத்து வருஷச் சர்க்கரை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. என் நகைச்சுவைக்கு அவரைப் போன்ற ரசிகர் எனக்கு வாய்த்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராகிவிடுவார்.

"எத்தினி வருஷமாண்ணா பீடி?"

"மீச மொளைக்கறதுக்கு முன்னாடிலருந்து சார்."

"இப்ப மீசைய வழிச்சிட்டீங்க. பீடிய மட்டும் ஏன் உட்டு வச்சீங்க?"

இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொன்னார். தறி வீட்டில் நெருப்பு கூடாது. ஒரு பொறி பறந்து தறியில் பூட்டிய பாவு நூலில் விழுந்தால் பல நாள் உழைப்பு ஓட்டையாகிவிடும். பீடி பிடித்த கையோடு பட்டைத் தொடவும் கூடாது, கறை ஏறும், நாற்றம் ஏறும்.

"ஒவ்வொரு தபாவும் குழிய உட்டு ஏறி, பின்னாடி சந்துக்குப் போயி இழுத்துட்டு, சோப்பு போட்டுக் கைய கழுவிக்கினு வந்து மறுக்கா குந்தணும் சார். பொழுதுல பாதி ஏறி எறங்கறதுக்கே பூடுது."

"அப்ப உங்களுக்கு வாக்கிங் தனியா எழுத வேணாம்!"

சிரிப்பு. சூயிங்கத்தை எடுத்துக் காட்டி விளக்கினேன். பீடி நினைப்பு வரும்போது ஒன்று. மெதுவாக மெல்ல வேண்டும், நாக்கில் சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு என்று.

"அப்ப இத வாய்ல போட்டுக்கினு தறிலயே குந்திக்கினு இருக்கலாமா? ஏறவே தேவல்லியா?"

அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மனிதன் தன் விடுதலைத் தேதியைக் கேட்பதுபோல் கேட்டார்! பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி செண்பகம், "உட்டுட்டாருன்னா உங்க பேர சொல்லி வெளக்கு ஏத்தறேன் சார்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் மருந்து கொடுப்பதாக ஏற்பாடு. நடுவில் ஆறு நாட்கள். பெட்டி என் இழுப்பறையில்... சாவி என் ஜேபியில்...

மூன்றாம் நாள் பெட்டியிலிருந்து சூயிங்கம் அட்டை ஒன்றை எடுத்தேன். வேறொன்றும் இல்லை, எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தானே நோயாளிக்குச் சொல்ல முடியும்! அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை பாலத்துக்குக் கீழே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒருவருடைய ஒரு வாரப் பங்கில் பாதி என் வயிற்றில்.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் கடையில் வாங்கவில்லை என்று. கேட்க வேண்டிய கேள்விதான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சரக்குதான் அது. ஆனால் எங்கள் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் எங்கள் சபை மூப்பரின் மருமகன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபைக்கே தெரிந்துவிடும். பஸ் ஏறி இன்னொரு ஊருக்குப் போயிருக்கலாமே? போயிருக்கலாம். டாக்டரம்மாவிடமே கேட்டிருக்கலாமே? அவரே சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். எல்லாம் செய்திருக்கலாம்... வெட்கம்! ஊருக்கு உபதேசம் செய்கிறவன் மருந்துக்குக் கையேந்துவதா? அந்த அற்ப வெட்கத்துக்கு விலையாகப் போனது இன்னொருவர் கால்.

யார் பங்கைத் தின்பது என்று யோசித்தேன். ஆமாம், உட்கார்ந்து யோசித்தேன். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மருந்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பார். மூன்று கேள்வி கேட்பார். ஏகாம்பரம் கேட்கமாட்டார். சிரிப்பார்.

கேள்வி கேட்காதவரைத் தேர்ந்தெடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்தருகே பெட்டிக்கடையில் ஒரு டப்பா வெள்ளைச் சூயிங்கம் வாங்கினேன். மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறையில் எண்ணிப் போட்டேன். மேலே அவர் பெயரை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கு இன்னும் அழகாக இருந்தது.

ஏன் இத்தனை துணிச்சல்? இதையும் சொல்லிவிடுகிறேன். அவரை ஏமாற்றுகிறேன் என்றே நான் நினைக்கவில்லை. மருந்தில் என்ன இருக்கிறது, என் பேச்சில்தானே எல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன்! நான் கொடுத்தால், நான் சிரிக்கவைத்து நம்பவைத்தால், கல்லை மென்றாலும் அவர் பீடியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு மருந்து வேண்டும். அவருக்கு நான் போதும். இப்படி ஓர் அகம்பாவம்!

அடுத்த வாரம் வந்தார்.

"சார், மருந்து இனிக்குது சார். சக்கர ஏறாதா?"

என் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது: "கசந்தா நீங்க துப்பிடுவீங்கன்னு கம்பெனிக்காரன் ஏமாத்தறான்ணா."

சிரித்தார். நானும் சிரித்தேன். சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு சர்க்கரை உருண்டை! அதை எழுதிக் கொடுத்தது யார்? சர்க்கரையைக் குறைக்கச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிற நான்!

வாரங்கள் போயின. நான் மென்றுகொண்டே இருந்தேன். "என்னாங்க, மாடு மாதிரி அசை போட்டுக்கினு?" என்று என் மனைவி கேட்டாள். பல்லுக்கு நல்லது என்றேன். ஐந்தாவது வாரம் சிகரெட் நினைப்பு தேய்ந்து, ஏழாவது வாரம் நின்றே போனது. சோற்றின் வாசனை தெரிந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. டாக்டரம்மா வரிசையில் இருந்தவர்கள் முன்னால் என்னைக் காட்டி, "இவரே விட்டிருக்கார், பாருங்க" என்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஏகாம்பரம் மட்டும் முதல் வாரத்தில் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு வாரம் கொஞ்சம் குறையும், அடுத்த வாரம் பழையபடி இரண்டு கட்டு. ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"நீங்க எப்பிடி சார் உட்டீங்க? இதே மருந்துதானா?"

"இதே மருந்துதாண்ணா."

அதில் பொய்யே இல்லை பாருங்கள். அவருடைய மருந்துதான்!

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சார் அடங்கல?"

"மனசுண்ணா... மனசுல உறுதி வேணும்."

இப்படிச் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. என் பொய்க்குச் சாட்சியாக அவர் என் எதிரில் உட்கார்ந்திருப்பது எனக்கு எரிச்சலாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையே கேட்கும்படி சொன்னேன்: "அண்ணா, அடுத்த தபா இந்த நாத்தத்தோட வந்தீங்கன்னா கேட்டுலயே நிறுத்தி, 'இவர் பீடி பிடிப்பவர்'னு கழுத்துல பலகை மாட்டித் திருப்பி அனுப்பிடுவேன், ஆமா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், எப்போதும்போல.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

செண்பகம் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். "தறில வேல ஜாஸ்தி சார், முகூர்த்த சீசன்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு முறை வராவிட்டால் நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. போகவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் பாதத்தை நைலான் நரம்பால் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். குறிக்கவில்லை. வேறொன்றைக் குறித்தேன். அவருடைய அட்டையில், அதே அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'பலமுறை அறிவுறுத்தியும் புகைப்பதை நிறுத்தவில்லை. ஒத்துழைப்பு இல்லை.'

அவர் வராமல் போன மூன்றாவது மாதம் டாக்டரம்மா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "இவர் ஏன் வரல? போய்ப் பாத்துட்டு வாங்க, இன்னைக்கே" என்றார். அன்று மதியம் போனேன்.

வாசலில் நிற்கும்போதே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே நுழைந்ததும் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வாடை. செண்பகம் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கயோ எலி செத்துக் கெடக்குது சார். நாலு நாளா தேடிக்கினு இருக்கோம். அகப்படல."

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாடையை ஆஸ்பத்திரியில் முகர்ந்திருக்கிறேன்.

ஏகாம்பரம் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மாம்பழ நிறப் பட்டு. என்னைப் பார்த்ததும் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு, மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளையைப் போலச் சிரித்தார்.

"இன்னும் உடல சார்... அதான் வரல. வந்தா பலக மாட்டுவீங்களே."

"ஏறி வாங்கண்ணா" என்றேன். "கால பாக்கணும்."

ஏறி வந்தார். வலது கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. கறுப்பு பாதம்வரை பரவி, ஓரமெல்லாம் நீர் வடிந்தது. மிதிக்கட்டையிலிருந்து ஒரு மூங்கில் சிலாம்பு ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. உணர்ச்சி செத்த பாதம், இருட்டுக் குழிக்குள் நாள் முழுதும்... யார் பார்ப்பது? பார்க்க வேண்டியவன் நான்தானே!

"வலிக்கவே இல்ல சார்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. செண்பகம் குனிந்து பார்த்தாள். எலி எங்கே என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் பாதத்தை. அதுவும் போதாமல் முழங்காலுக்குக் கீழே.

வார்டில் ஒருநாள் நான் ரொட்டிப் பொட்டலத்தோடு நிற்கும்போது, அறுவை மருத்துவர் வந்தார். நான் எழுதிய அந்த அட்டை அவர் கையில் இருந்தது. படித்தார்.

"எத்தனை தடவ சொல்லிருக்காங்க உனக்கு? இதோ எழுதியே இருக்குது! காலு வேணுமா பீடி வேணுமான்னு அப்பவே யோசிச்சிருக்கணும்."

ஏகாம்பரம் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "சார் மேல தப்பு இல்ல டாக்டர். பாவம், அவரு எவ்வளவோ சொன்னாரு. மருந்து கூடக் குடுத்தாரு. எனக்குத்தான் மனசு திடம் பத்தல."

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ரொட்டியை ஸ்டூல்மேல் வைத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். 'பரவாயில்லண்ணா' என்றேன். பரவாயில்லையாம்!

பிறகு வராந்தாவில் அந்த மருத்துவரைப் பிடித்துக் கேட்டேன், பீடியை விட்டிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று. "உறுதியா யார் சொல்ல முடியும்? பத்து வருஷச் சக்கரை, கவனிக்காத புண்ணு, எல்லாம்தான்" என்றார். அந்த வாக்கியத்தை நான் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு தொங்கினேன். யார் சொல்ல முடியும்... யார் சொல்ல முடியும்... எப்படியும் அவர் பீடியை விட்டிருக்க மாட்டார், உண்மையான மருந்து கொடுத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார். அவருக்கு மனசு திடம் இல்லைதான், அவரே சொல்கிறாரே! புண்ணைக் கவனிக்காததில் என் பங்கு என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. இதைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அவர் தறியில் உட்கார முடியாமல் போனது. மிதிப்பதற்குக் கால் வேண்டுமே. செண்பகம் வேறொரு வீட்டுத் தறிக்குக் கூலிக்குப் போக, அவர் வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தார். நூல் சுற்ற வாசல் பக்கம் உட்காருகிறவர் என்பதால் பீடிக்காகக் குழி ஏறவேண்டிய கஷ்டமும் போயிற்று. பீடி கூடியது.

அடுத்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். என் மேசைக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"மிச்சம் ஒரு கால் இருக்குது சார். இன்னொரு தபா மருந்து குடுங்க. இந்த வாட்டி மனச கெட்டியா புடிச்சிக்கினு பாக்கறேன்."

புதிய பெட்டி வந்திருந்தது. இந்த முறை பிரிக்காத அட்டையாகவே கொடுத்தேன். ஒன்றைக் கிழித்து, என் எதிரிலேயே மெல்லச் சொன்னேன். மென்றார். முகம் சுருங்கியது.

"சார்! என்னா சார், மொளகு மாதிரி காரமா இருக்குது?"

"கம்பெனி மாத்திட்டான்ணா" என்றேன்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த முறையும் அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோற்றால்தானே நான் தப்புவேன்! ஒரு காலோடு உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, அது பலிக்கக் கூடாது என்று ஜெபம் செய்தேன்...

பலித்தது.

முதல் வாரத்திலேயே ஒரு கட்டுக்கு இறங்கினார். மூன்றாவது வாரம் நாலு பீடி. ஐந்தாவது வாரம் வந்து, வரிசையில் நிற்கும்போதே கையை விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை! செண்பகம், "சட்ட துணில நாத்தமே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அழுதாள். டாக்டரம்மா கைதட்டினார். நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். எனக்கு இருந்தவை இரண்டு.

ஆக, அவர் மனசில் கோளாறே இல்லை. முதல் தடவையே விட்டிருப்பார். நான் விட்ட அதே ஏழு வாரத்தில், ஏன், எனக்கு முன்பே விட்டிருப்பார். வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடந்திருக்க மாட்டார். மாதாமாதம் வந்து காலைக் காட்டியிருப்பார். அந்தச் சிலாம்பை இடுக்கியால் நான் இரண்டு நிமிஷத்தில் எடுத்திருப்பேன்.

செண்பகத்தை மாத்திரை வரிசைக்கு அனுப்பிவிட்டு அவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். தமாஷ் பண்ணாம சொல்லணும்."

"கேளுங்கண்ணா."

"அப்ப அவ்வளவு முட்டிப் பாத்தேன், முடியல. இப்ப முடியுது. அதே மருந்து, அதே ஆளு. அப்ப... கால வெட்டனாத்தான் எனக்குப் புத்தி வருமா சார்? நான் அப்பிடிப்பட்ட ஆளா? ராத்திரியெல்லாம் இதே ரோசன."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இல்லண்ணா.' அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த சொல் தானாக வந்திருக்கும். அவர் என்னை அடித்திருக்கலாம். அந்தக் கட்டையாலேயே அடித்திருக்கலாம்! ஆனால் அவர் தன்னை அடித்துக்கொள்வதை நிறுத்தியிருப்பார்.

பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. எனக்கு வேலை இருந்தது. பெயர் இருந்தது.

"சில பேருக்கு அப்பிடித்தாண்ணா" என்றேன். "பெரிய அடி விழுந்தப்புறந்தான் மனசு கேக்கும்."

அவர் தன் மடக்கிய வேட்டி நுனியைச் சரிசெய்தார். அப்புறம் மெதுவாகத் தலையாட்டினார்.

"ஆமா சார். நான் அப்பிடித்தான்போல."

மருந்தைத் திருடியது ஒரு குற்றம் என்றால் இதை என்னவென்று சொல்வது? அங்கே ஒரு காலை எடுத்தேன். இங்கே, மிச்சமிருந்த மனிதனையும் அல்லவா எடுத்துவிட்டேன்!

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் வருகிறார். டாக்டரம்மாதான் வரச் சொன்னார். சர்க்கரையும் பீடியுமாக வரும் புது ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் எழுந்து நின்று பேசுவார். "எனக்கு மருந்து மொதல்லயே குடுத்தாங்கபா. நல்ல மருந்து. நான்தான் சரியில்லாதவன். ஒரு கால வெட்டிக் கடாசனப்புறந்தான் என் மனசு கேட்டுச்சி. நீங்க அவ்ளோ தூரம் போவாதீங்க" என்பார். என் வேடிக்கைப் பேச்சுக்குக் கிடைக்காத அமைதி அவர் பேச்சுக்குக் கிடைக்கிறது. அவர் பேச்சைக் கேட்டுச் சிலர் விட்டும் இருக்கிறார்கள். இதனால் நாலு பேருக்கு நன்மைதானே, இப்போது உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று எனக்குள் ஒருவன் வக்கீல் வேலை பார்க்கிறான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் காகித உறையில் அழகாகப் பெயர் எழுதியவன் அவன்தான்.

போன செவ்வாய்க்கிழமையும் பேசினார். முடித்துவிட்டு, கட்டையை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"கரெக்டா சொன்னேனா சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கரெக்ட்டுண்ணா" என்றேன்.